உண்ணிச்செடி இலைச் சாரத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளப்பது எப்படி: இலை பறிப்பது முதல் ஐசி50 வரை

முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போய் வந்தவர்களுக்கு உண்ணிச்செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெப்பமண்டல அமெரிக்காவின் செடியான லன்டானா கமாரா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. காட்டிலிருந்து வெட்டி எடுக்கும் குச்சிகளில் நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் ஆளுயரத்துக்கும் மேலான யானை உருவங்களே செய்கிறார்கள். இலைக்குத்தான் இன்னும் உருப்படியான பயன் கிடைக்கவில்லை. அதனால்தான் கல்லூரிகளில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதன் இலைச் சாரத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறனை (ஃப்ரீ ரேடிக்கல் என்ற, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளை அடக்கும் திறனை) புராஜெக்டாக எடுக்கிறார்.

சோதனைகள் கடினமானவை இல்லை. ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி), நல்ல தராசு, சில வேதிப்பொருள்கள் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சோதனைக் குழாயைப் பார்த்து ஒருவர் ஐசி50 (பாதி ரேடிக்கலைத் தீர்க்கத் தேவையான சாரத்தின் செறிவு) 66 என்று எழுதலாம், இன்னொருவர் 16.5 என்று எழுதலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம். அது எப்படி என்பது டிபிபிஹெச் என்ற ஊதா நிற ரேடிக்கலைக் கொண்டு செய்யும் சோதனையின் பகுதியில் வரும். அந்த எண்ணை நம்பும்படி எடுப்பதற்கான முறை கீழே.

இலை: எங்கே, எதை, எப்படிப் பறிப்பது

முதலில் செடி சரியானதா என்று பாருங்கள். நான்கு பட்டையான தண்டு, அதில் பின்பக்கமாக வளைந்த சிறு முட்கள், எதிரெதிராக அமைந்த சொரசொரப்பான இலைகள், கசக்கினால் காட்டமான வாடை. பூங்கொத்தில் நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் வேறு நிறமும் இருக்கும். தோட்டங்களில் தரையோடு படர்ந்து ஊதா நிறத்தில் மட்டும் பூப்பது வேறு இனம், லன்டானா மான்டிவிடென்சிஸ். இரண்டும் கலந்துவிட்டால் வேலை மொத்தமும் வீண். பூவும் இலையும் உள்ள ஒரு கிளையை ஹெர்பேரியம் (உலர் தாவரச் சேகரிப்பு) தாளில் ஒட்டி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தென்மண்டல மையத்திலோ, திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ அடையாளம் உறுதிசெய்து எண் வாங்கிவிடுங்கள். கட்டுரையை அனுப்பும்போது ஆய்விதழ் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இலைகூடப் பறிக்கக் கூடாது. ஊர்ப் பொது நிலம், வேலியோரம் என்று போதுமான இடங்கள் உண்டு. சாலையை ஒட்டிய செடிகளை விட்டுவிடுங்கள், தூசியும் புகையும் படிந்திருக்கும். தேயிலைத் தோட்ட ஓரங்களில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நுனியிலிருந்து மூன்றாவது முதல் ஐந்தாவது கணு வரையுள்ள முழுவளர்ச்சி அடைந்த இலைகள் போதும். கொழுந்தையும் பழுப்பையும் கலக்க வேண்டாம். திறந்த வெயிலில் நிற்கும் செடியையும் மரநிழலில் நிற்கும் செடியையும் ஒரே பையில் போடக் கூடாது. வெயிலில் வளர்ந்த இலையில், எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் பீனாலிக் பொருள்கள் பொதுவாக அதிகம் சேரும், இரண்டும் கலந்தால் எதை அளந்தோம் என்றே தெரியாது. பூ நிறம், மாதம், வெயிலா நிழலா, மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கையுறை அவசியம். காய்களைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் ஏற்கெனவே பரப்பும் விதையை நாமும் பையில் தூக்கிவர வேண்டியதில்லை.

ஒரு கிலோ பச்சை இலை பறித்தால் தாராளமாகப் போதும்.

காயவைத்தலும் பொடியும்

குழாய் நீரில் இரண்டு முறை, வாலை வடிநீரில் ஒரு முறை அலசி, நீரை வடியவிட்டுத் துணியில் ஒற்றி எடுங்கள். ஊறவைக்கக் கூடாது, நீரில் கரையும் பொருள்கள் கழுவிப் போய்விடும். பிறகு நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமுள்ள அறையில் 7 முதல் 10 நாள். தினமும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இதை நம்ப முடியாது. மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். அப்போது காற்றடுப்பில் 40 டிகிரி செல்சியசில் 48 மணி நேரம் வையுங்கள். நேரம் மிச்சமாகும் என்று 60, 70 டிகிரிக்கு ஏற்றினால் சில பீனாலிக் பொருள்கள் சிதையும்.

இலையை மடித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும். மெதுவாகக் காய்வதில் ஒரு கேடு உண்டு: இலையில் ஈரம் இருக்கும்வரை பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்துகொண்டே இருக்கும், நாம் அளக்க நினைக்கும் பொருளையே தின்றுவிடும். இலை பச்சையாகக் காயாமல் பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தத் தொகுதியை எறிந்துவிடுவதே நல்லது.

மிக்சியில் 15 நொடி ஓட்டி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி 15 நொடி. ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகிப் பொடியும் சூடாகும். முகக்கவசம் போடாமல் அரைத்தால் தும்மித் தீராது. 40 எண் சல்லடையில் சலித்து, சலித்ததில் 2 கிராம் எடுத்து 105 டிகிரியில் எடை மாறாத வரை காயவைத்து ஈரப்பதத்தைக் கணக்கிடுங்கள். “உலர் இலை ஒரு கிராமுக்கு” என்று முடிவை எழுத இந்த எண் வேண்டும். மீதிப் பொடி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில், இருட்டில்.

சாரம் எடுத்தல்

கரைப்பானாக 70 சதவீத மெத்தனாலைப் பரிந்துரைக்கிறோம், அதாவது 70 மி.லி. மெத்தனால், 30 மி.லி. நீர். சுத்த மெத்தனால் பச்சையத்தை அதிகமாக இழுக்கும், அது பிறகு அளவீட்டில் குறுக்கே நிற்கும். வெறும் நீர் சர்க்கரையையும் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு வரும், இரண்டு நாளில் பூஞ்சையும் பிடிக்கும். மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு. புகைக்கூண்டுக்குள் வைத்துக் கையாளுங்கள். கல்லூரியில் அந்த வசதி இல்லை என்றால் 70 சதவீத எத்தனால் போதும், முடிவில் பெரிய இழப்பு இராது.

1. 10 கிராம் பொடியை 250 மி.லி. கூம்புக் குடுவையில் இட்டு 100 மி.லி. கரைப்பான் ஊற்றி, வாயை மூடி, குடுவை முழுவதும் அலுமினியத் தாள் சுற்றுங்கள்.
2. ஷேக்கரில் நிமிடத்துக்கு 120 சுற்று, அறை வெப்பநிலை, 24 மணி நேரம்.
3. மஸ்லின் துணியில் பிழிந்து, பிறகு வாட்மேன் 1ஆம் எண் வடிதாளில் வடிகட்டுங்கள்.
4. சக்கையில் இன்னொரு 100 மி.லி. ஊற்றி மறுபடி 24 மணி நேரம். இரண்டு வடிநீரையும் சேருங்கள்.
5. வெற்றுக் குடுவையை எடைபோட்டுக் குறித்த பிறகு, ரோட்டரி எவாபரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்குங்கள்.

உண்ணிச்செடிச் சாரம் நுரைக்கும். குடுவையில் பாதிக்குக் கீழே ஊற்றி, வெற்றிடத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எடுத்தவுடனே முழு வெற்றிடம் கொடுத்தால் நுரை பொங்கிக் கண்டென்சருக்குள் போய்விடும், விளைச்சல் கணக்கும் அதோடு போயிற்று. மெத்தனால் முதலில் போகும், நீர் கடைசிவரை நிற்கும். அந்த நீரை உறைய வைத்து லயோஃபிலைசரில் உலர்த்துவது சிறந்தது. இல்லையென்றால் பெட்ரி தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி 40 டிகிரி அடுப்பில் காயவைத்து, பிறகு டெசிகேட்டரில் வையுங்கள். கரும்பச்சையாக, பிசுபிசுப்பாகக் கிடைக்கும். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும் வரை காய்ந்தது என்று எண்ண வேண்டாம். உள்ளே தங்கிய ஈரத்தையும் சாரமாகக் கணக்கில் சேர்த்துவிடுவது பலரும் செய்வது.

10 கிராம் பொடிக்கு 1.5 கிராம் சாரம் கிடைத்தால் விளைச்சல் 15 சதவீதம். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

சாக்ஸ்லெட் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்பச் செலுத்திச் சாரம் எடுக்கும் கருவி) வேண்டுமா என்று கேட்பார்கள். மணிக்கணக்கில் கொதிக்கும் கரைப்பானில் இலைச் சாரம் கிடப்பதால், முதல் முறை செய்பவர்களுக்கு அது தேவையில்லை.

ஸ்டாக் கரைசல்

10 மி.கி. சாரத்தை மெத்தனாலில் கரைத்து 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 1 மி.கி. ஸ்டாக். பிசுபிசுப்பான சாரம் முழுதாகக் கரையாது. 10 நிமிடம் சோனிகேட்டரில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் அடியில் துகள் தங்கினால், அதை வடிகட்டிவிட்டு “1 மி.கி.” என்றே எழுதக் கூடாது, கரையாததன் எடையைக் கழிக்க வேண்டும். துளி டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) சேர்த்தால் கரையும்தான். ஆனால் டிஎம்எஸ்ஓ தானே ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கும் பொருள். பின்னால் அந்தச் சோதனையும் செய்வதாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஸ்டாக்கிலிருந்து 0.1, 0.25, 0.5, 1, 2, 4 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 10 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் நிரப்பினால் மி.லி.க்கு 10, 25, 50, 100, 200, 400 மைக்ரோகிராம் செறிவுகள் தயார்.

மொத்த பீனாலிக் அளவு

ஃபோலின்-சியோகால்ட்டு முறை பழையது, மலிவானது, நம்பகமானது. ஆனால் பெயரை நம்பக் கூடாது. அந்த ரீஏஜென்ட் பீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், புரதத்திலுள்ள டைரோசின் எல்லாவற்றுடனும் வினைபுரியும். புரதம் அளக்கும் லோரி முறையிலும் இதே ரீஏஜென்ட்தான்.

0.5 மி.லி. சாரக் கரைசல் (மி.லி.க்கு 0.5 மி.கி.), அதோடு பத்து மடங்கு நீர்த்த ரீஏஜென்ட் 2.5 மி.லி. 5 நிமிடம் கழித்து 7.5 சதவீத சோடியம் கார்பனேட் 2 மி.லி. இருட்டில் 1 மணி நேரம். 765 நானோமீட்டரில் ஓ.டி. (ஒளி உறிஞ்சும் அளவு) பாருங்கள். ஒப்பீட்டுக்கான பீனாலிக் பொருளாகக் காலிக் அமிலத்தை மி.லி.க்கு 10 முதல் 100 மைக்ரோகிராம் வரை இதே வரிசையில், இதே நேரத்தில் வைத்து ஸ்டாண்டர்டு வளைவு போடுங்கள்.

இந்த வரிசை மாறக் கூடாது. காரத்தில் ரீஏஜென்ட் தானாகவே சிதையும். கார்பனேட்டை முதலில் ஊற்றினால் பீனாலுடன் வினைபுரிய ஆளே மிஞ்சாது. கார்பனேட் எடைபோடும் முன் டப்பாவின் லேபிளைப் படியுங்கள்: 7.5 கிராம் என்பது நீரற்ற உப்புக்கு. பத்து நீர் மூலக்கூறு உள்ள படிகம் என்றால் 100 மி.லி.க்கு 20.2 கிராம் வேண்டும். ரீஏஜென்ட் மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சையாகிவிட்டால் கெட்டது. குழாயில் வெண்கலங்கல் வந்தால் சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்நீரைப் படியுங்கள்.

கணக்கு எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும். வளைவின் சமன்பாடு, ஓ.டி. = 0.0105 × செறிவு + 0.012. சாரத்தின் ஓ.டி. 0.390. செறிவு 36 மைக்ரோகிராம். கரைசலில் இருந்தது 500 மைக்ரோகிராம் சாரம், எனவே ஒரு கிராம் சாரத்துக்கு 72 மி.கி. காலிக் அமிலச் சமானம். விளைச்சல் 15 சதவீதம் என்றால் ஒரு கிராம் இலைப் பொடிக்கு 10.8 மி.கி. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று எழுதாமல் விட்ட கட்டுரைகள் ஏராளம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு “எங்கள் சாரம் ஏழு மடங்கு சிறந்தது” என்று எழுதியவர்களும் உண்டு.

ஃப்ளேவனாய்டுக்கு (பீனாலிக் பொருள்களில் ஒரு வகை) அலுமினியம் குளோரைடு முறையை 415 நானோமீட்டரில் செய்வார்கள். பச்சையம் பலமாக உறிஞ்சும் பகுதி அதுதான். ஒவ்வொரு சாரத்துக்கும் அலுமினியம் குளோரைடுக்குப் பதில் நீர் ஊற்றிய தனி பிளாங்க் (சாரத்தின் சொந்த நிறத்தைக் கழிப்பதற்கான குழாய்) இல்லாமல் இந்த எண்ணை எழுதவே வேண்டாம்.

டிபிபிஹெச்

நிலையான ஃப்ரீ ரேடிக்கல் இது. கரைசல் அடர் ஊதா. எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுக்கும் பொருள் சேர்ந்தால் வெளிர் மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் ஊதா எவ்வளவு குறைந்தது என்பதே அளவீடு. இந்த முறையை பிளாய்ஸ் 1958இல் வெளியிட்டார். அன்றிலிருந்து ஆளுக்கொரு விதமாகச் செய்துவருகிறோம்.

0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. வேண்டும். சாதாரணத் தராசில் 3.94 மி.கி.யைத் துல்லியமாக நிறுக்க முடியாது. 39.4 மி.கி. எடுத்து 100 மி.லி.யில் கரைத்து, அதைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அன்றன்று தயாரித்து, அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள்.

ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குழாய்: 1 மி.லி. சாரக் கரைசல், 3 மி.லி. டிபிபிஹெச். கன்ட்ரோல் மூன்று குழாய்: 1 மி.லி. மெத்தனால், 3 மி.லி. டிபிபிஹெச். இவற்றோடு ஒவ்வொரு செறிவுக்கும் ஒரு சாம்பிள் பிளாங்க்: 1 மி.லி. சாரக் கரைசல், 3 மி.லி. வெறும் மெத்தனால். ஆக 27 குழாய். கன்ட்ரோலின் ஓ.டி. 0.8 முதல் 0.95க்குள் வர வேண்டும். 0.7க்குக் கீழே என்றால் டிபிபிஹெச் பழையது அல்லது எடை தப்பு, மேலே போகாதீர்கள்.

டிபிபிஹெச்சை எல்லாக் குழாயிலும் மடமடவென்று ஊற்றிவிட்டு அரை மணி கழித்து வரிசையாகப் படிப்பது எல்லா ஆய்வகத்திலும் நடக்கும் தவறு. முதல் குழாய்க்கு 30 நிமிடம், கடைசிக் குழாய்க்கு 50 நிமிடம் ஆகியிருக்கும். நிமிடத்துக்கு ஒரு குழாய் என்று ஊற்றுங்கள். டிபிபிஹெச் சேரும் 21 குழாய்களை 21 நிமிடத்தில் முடித்தால், முதல் குழாயைப் படிக்க இன்னும் 9 நிமிடம் இருக்கும். அதே வரிசையில், அதே இடைவெளியில் படியுங்கள். குழாய்களை மூடி வையுங்கள். ஏசி இல்லாத அறையில் மே மாதத்து வெக்கையில் மெத்தனால் ஆவியாகி ஓ.டி. தானாக ஏறும். சாரத்தில் நீர் அதிகமாக இருந்தால் டிபிபிஹெச் கரையாமல் கலங்கும். கலங்கிய குழாய் படிக்கத் தகுதியற்றது.

இப்போது கணக்கு. கன்ட்ரோல் 0.860, சாரக் குழாய் 0.462, அதன் சாம்பிள் பிளாங்க் 0.052 என்று வைத்துக்கொள்வோம். பிளாங்கைக் கழித்தால் 0.410. தடுப்பு = (0.860 − 0.410) ÷ 0.860 × 100 = 52.3 சதவீதம். பிளாங்க் வைக்காமல் போயிருந்தால் 46.3 சதவீதம். அந்த ஆறு சதவீதம் பச்சை நிறத்தின் வேலை. செறிவு கூடக் கூட இந்தப் பிழையும் கூடும், வளைவே தட்டையாகிவிடும்.

அடுத்தது ஐசி50, அதாவது பாதி டிபிபிஹெச்சைத் தீர்க்கத் தேவையான செறிவு. 50 மைக்ரோகிராமில் 41.0 சதவீதம், 100 மைக்ரோகிராமில் 63.5 சதவீதம் என்று வந்தால், இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் 70. செறிவை லாக் அளவில் எடுத்தால் 66. இந்த வளைவு இயல்பிலேயே எஸ் வடிவம் கொண்டது, அதனால் லாக் முறையே பொருத்தம். 10 முதல் 400 வரை எல்லாப் புள்ளியிலும் ஒரே நேர்கோட்டை இழுத்து, சமன்பாட்டில் 50 போட்டு விடை எடுப்பதுதான் மோசம். 20 முதல் 80 சதவீதத்துக்குள் விழும் புள்ளிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

தொடக்கத்தில் சொன்ன 66, 16.5 விவகாரம் இதுதான். 66 என்பது நாம் ஊற்றிய 1 மி.லி. கரைசலின் செறிவு. குழாயில் மொத்தம் 4 மி.லி. இருப்பதால், வினை நடக்கும் இடத்தில் செறிவு நான்கில் ஒரு பங்கு, 16.5. எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. டிபிபிஹெச் செறிவை இரட்டித்தால் ஐசி50யும் ஏறத்தாழ இரட்டிக்கும். அதனால் பிறர் கட்டுரையிலுள்ள எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன் அவர்கள் எவ்வளவு டிபிபிஹெச் போட்டார்கள் என்று பாருங்கள்.

உங்கள் கை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. குழாயில் 3 மி.லி. × 0.1 மில்லிமோலார் = 0.3 மைக்ரோமோல் டிபிபிஹெச். அதில் பாதி 0.15. ஒரு அஸ்கார்பிக் அமில (வைட்டமின் சி) மூலக்கூறு இரண்டு டிபிபிஹெச்சைத் தீர்க்கும், எனவே 0.075 மைக்ரோமோல் போதும், அதாவது 13.2 மைக்ரோகிராம். ஆக இந்த அளவுகளில் அஸ்கார்பிக் அமிலத்தின் ஐசி50, ஊற்றிய கரைசலில் மி.லி.க்கு 13 மைக்ரோகிராமை ஒட்டி வந்தே ஆக வேண்டும். 40, 50 என்று வந்தால் அஸ்கார்பிக் கரைசல் கெட்டிருக்கிறது (நேற்றுத் தயாரித்ததா?) அல்லது டிபிபிஹெச் அளவு தப்பு. 5 என்று வந்தாலும் தப்புதான், வேதிக்கணக்கு அதை அனுமதிக்காது. அஸ்கார்பிக் எண் சரியாகாமல் சாரத்தின் எண்ணை நம்பாதீர்கள். ஒப்பீட்டுக்கு பிஹெச்டி (பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுயீன் என்ற செயற்கை ஆன்டிஆக்சிடன்ட்) வைப்பவர்கள் கவனிக்க: அது டிபிபிஹெச்சோடு மெதுவாகவே வினைபுரியும். 30 நிமிடத்தில் நிறுத்தினால் உண்ணிச்செடி பிஹெச்டியை வென்றதுபோல் தெரியும்.

ஏபிடிஎஸ், ஃபிராப்

டிபிபிஹெச் மட்டும் போதாது, இன்னொன்றாவது வேண்டும். பச்சைச் சாரத்துக்கு ஏபிடிஎஸ் (நீலப்பச்சை ரேடிக்கலின் நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனை) நல்ல துணை, ஏனெனில் அதைப் படிப்பது 734 நானோமீட்டரில், பச்சையம் அங்கே தொல்லை தராது. 38.4 மி.கி. ஏபிடிஎஸ் டைஅமோனியம் உப்பு, 6.6 மி.கி. பொட்டாசியம் பெர்சல்பேட் இரண்டையும் மொத்தம் 10 மி.லி. நீரில் கரைத்து இருட்டில் 12 முதல் 16 மணி நேரம் வையுங்கள். நீலப்பச்சையாக மாறும். எத்தனாலில் நீர்த்து ஓ.டி.யை 0.70க்குக் கொண்டுவந்து, 2 மி.லி.யில் 20 மைக்ரோலிட்டர் சாரம் சேர்த்து 6ஆம் நிமிடம் படியுங்கள். ஒப்பிடும் ஸ்டாண்டர்டு, வைட்டமின் இ-யின் வழிப்பொருளான டிரோலாக்ஸ்.

ஃபிராப் இரும்பை ஒடுக்கும் திறனைப் பார்ப்பது. அசிட்டேட் பஃபர் (லிட்டருக்கு 3.1 கிராம் சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட், 16 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், பிஹெச் 3.6), 40 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 10 மில்லிமோலார் டிபிடிஇசட் (ஒடுங்கிய இரும்போடு சேர்ந்து நீல நிறம் தரும் பொருள்), 20 மில்லிமோலார் ஃபெரிக் குளோரைடு மூன்றையும் 10:1:1 என்ற விகிதத்தில் உபயோகிக்கும் நேரத்தில் கலந்து, 3 மி.லி.யில் 100 மைக்ரோலிட்டர் சாரம், 37 டிகிரி, 4 நிமிடம், 593 நானோமீட்டர். ஃபெரஸ் சல்பேட் ஸ்டாண்டர்டை அன்றே தயாரியுங்கள், காற்றில் நின்றாலே அது ஃபெரிக்காக மாறும்.

மூன்று முறை என்றால் எது மூன்று முறை?

ஒரே சாரத்தை மூன்று குழாயில் ஊற்றிப் படிப்பது பிப்பெட் பிடிக்கும் கையின் துல்லியத்தை மட்டுமே காட்டும். செடியைப் பற்றி எதுவும் சொல்லாது. மூன்று வெவ்வேறு இடத்துச் செடிகளிலிருந்து தனித்தனியாக இலை பறித்து, தனித்தனியாகச் சாரம் எடுத்தால்தான் “மூன்று”. அனோவா (குழுச் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போடுவது அந்த மூன்றின் சராசரிகள் மீது. குழாய்களை எண்ணி ஒன்பது என்று போட்டால் எல்லாமே “குறிப்பிடத்தக்க வேறுபாடு” என்று வரும், ஆனால் பொய்யாக.

பீனாலிக் அளவும் ஃபிராப் மதிப்பும் அழகாக ஒத்துப்போகின்றன என்று ஒரு படம் போடுவதும் வழக்கம். இரண்டுமே எலக்ட்ரான் கொடுக்கும் திறனையே அளக்கின்றன, ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் படத்தை வைத்து “பீனாலிக் பொருள்களே காரணம்” என்று முடிவெழுத முடியாது. யார் காரணம் என்று சொல்ல ஹெச்பிஎல்சி (சாரத்திலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) வேண்டும். உண்ணிச்செடி இலையில் தேடிப் பார்க்கத் தகுந்த முதல் பொருள் வெர்பாஸ்கோசைடு என்ற பீனாலிக் பொருள்.

எண் வந்த பிறகு

சாரம் நல்ல எண்ணைக் கொடுத்தால் உடனே மூலிகை டீ, மாத்திரை என்று பேச்சு வரும். இந்தச் செடியில் அது ஆபத்து. உண்ணிச்செடி இலையில் லான்டடீன் ஏ, பி என்ற ட்ரைடெர்பீனாய்டுகள் உள்ளன. பஞ்ச காலத்தில் வேறு தீனி இல்லாமல் இதைத் தின்ற மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, பித்தம் தேங்கி, மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட தோல் வெடித்து உரியும். மெத்தனால் இந்தப் பொருள்களையும் சேர்த்தே இழுக்கும். ஹெக்சேனில் முன்கூட்டியே கழுவினால் மெழுகும் பச்சையத்தில் கொஞ்சமும் போகும். அதனால் சாரம் பாதுகாப்பானது ஆகிவிடாது. சோதனைக் குழாயில் டிபிபிஹெச்சைத் தீர்த்தது உடலுக்குள் போய் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சோதனைகளில் எந்தப் பதிலும் இல்லை. கட்டுரையின் முடிவுரையில் “மருந்தாகப் பயன்படலாம்” என்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம்.

உணவு சாராத பக்கம் பார்க்கலாம்: வெள்ளி நானோ துகள் தயாரிக்க ஒடுக்கும் பொருளாக, உலோக அரிப்பைத் தடுக்கும் பொருளாக. அதிலும் ஒரு சந்தேகம் எங்களுக்கு உண்டு. இலைக்கு நல்ல விலை வந்துவிட்டால், செடியை வேரோடு பிடுங்குவதற்குப் பதில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து வளர்க்கத் தொடங்குவார்கள். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடி இது.

எழுதும்போது இவ்வளவும் இருக்க வேண்டும்: ஹெர்பேரியம் எண், இடம், மாதம், வெயில் நிழல், காயவைத்த விதம், கரைப்பான் விகிதம், விளைச்சல், டிபிபிஹெச்சின் இறுதிச் செறிவு (இந்த முறையில் 0.075 மில்லிமோலார்), ஐசி50 எந்தச் செறிவில் சொல்லப்பட்டது, அதே நாளில் எடுத்த அஸ்கார்பிக் எண்.

வேலை முடிந்த மெத்தனால் கரைசல்களைத் தொட்டியில் கொட்டாமல் லேபிள் ஒட்டிய கழிவுப் பாட்டிலில் சேருங்கள். ஏபிடிஎஸ் கழிவும் அப்படியே. டிபிபிஹெச் கறை குவெட்டில் ஒட்டும், உடனே மெத்தனாலில் அலசினால் போய்விடும், மறுநாள் தேய்த்தால் போகாது. பறித்த கிளையில் தெரியாமல் வந்த காய்கள் இருந்தால் கல்லூரித் தோட்டத்து எருக்குழியில் போடாதீர்கள், அடுப்பில் கருக்கிவிட்டு எறியுங்கள்.